மழை விட்டால் சுதா வந்துவிடுவாள்

மார்கழி 9, திங்கள்

விடியவே மழை. பாலத்தடியில் ரோட்டுக்கு மேலே தண்ணி. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஒன்பது மணிக்கே கரண்டும் போனது. ஒழுக்கு மூன்று இடத்தில்: சாமிப்படத்தடி, கட்டில் தலைமாடு, அடுப்படி.

தங்கச்சி சுதா குவைத்திலிருந்து வந்துவிட்டாள். நேற்றிலிருந்து வாழைச்சேனையில், கூட வேலை செய்த சிநேகிதி வீட்டில். இங்கால வர ரோட்டு இல்லை. தண்ணி வற்றியதும் வந்து தன் இரண்டு பிள்ளைகளையும் குருக்கள்மடத்துக்குக் கூட்டிப்போவாள். அவளுக்குச் சீதனமாக எழுதின வளவில் வீடு கட்டி முடிந்துவிட்டது.

கவினுக்கு எட்டு வயது, தாயைத் தெரியும். தனுவைப் பத்து மாதத்தில் என் கையில் தந்துவிட்டுப் போனவள். இப்ப நாலு.

கிராம சேவகர் சொன்னாராம், இன்னும் இரண்டு நாள் மழை என்று. சந்தோசப்பட்டேன். வயல் வட்டையில் சனங்களின் வேளாண்மை தண்ணிக்குள் நிற்கிறது, எனக்குச் சந்தோசம். நல்ல மனுசிதான் நான்.

பிள்ளைகளுக்கு இன்று:
– கட்டிலைச் சுற்றிச் சீலை கட்டிக் கூடாரம். பத்து நிமிசம்தான்.
– கச்சான் கடலை வறுத்தது. தின்றதைவிட எறிந்தது கூட.
– ஒழுக்குச் சட்டிகளில் எது முதலில் நிரம்பும் என்று பந்தயம். தனு களவாகத் தன் சட்டிக்குள் செம்பால் தண்ணி ஊற்றினாள். கவின் கண்டுவிட்டான். சண்டை.
– கவினுக்குத் தலைமயிர் வெட்டினது. கோணல்.

பின்னேரம் ஃபோனில் சுதாவின் கோல்.
"அக்கா, தனு உங்கள எப்பிடிக் கூப்பிடுறவள்?"
"பெரியம்மா எண்டுதான்."
மூன்று வருசமாக இதே பொய். தனுவுக்கு நான்தான் அம்மா. சுதா, ஃபோன் அம்மா. கோல் வரும்போதெல்லாம் கவினுக்குக் கண்ணைக் காட்டுவேன், அவன் வாய் திறக்கமாட்டான். ஒரு நாளாவது திருத்தியிருக்கலாம். விருப்பமில்லை, அதுதான் உண்மை.

மார்கழி 10, செவ்வாய்

மழை. பேக்கரியில் பாண் இல்லை. ரொட்டி, சம்பல்.

புது விளையாட்டு: அம்மா வாற விளையாட்டு. நான் ஹேண்ட்பேக்கும் குடையுமாக வெளியே போய்க் கதவைத் தட்டுவேன். பிள்ளைகள் ஓடிவந்து "அம்மா" என்று கட்டிப்பிடிக்க வேண்டும். கவின் சிரித்துச் சிரித்து விழுந்தான். தனு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

"இப்ப நான் ஆரு மகள்?"
"அம்மா."
"இல்ல, நான் வெளிநாட்டால வாற அம்மா."
"நீங்க எங்க போன? வெளியதானே நிண்ட."

ஆறு தரம் விளையாடினோம். முழுக்க நனைந்துவிட்டேன். ஆறு தரமும் என்னைத்தான் கட்டிப்பிடித்தாள். பழகட்டும் என்று தொடங்கின விளையாட்டு, கடைசியில் எனக்காகத்தான் தட்டினேன்.

ராவைக்குப் பிட்டு. தும்மல்.

மார்கழி 12, வியாழன்

மழை விட்டு வெளிச்சுவிட்டது. பத்து மணிக்கு ஆட்டோ. சுதா மெலிந்து, நிறம் வெளுத்து. கவின் வெட்கப்பட்டுப் பிறகு ஒட்டிக்கொண்டான்.

தனு என் பாவாடைக்குப் பின்னால்.
"அம்மா, இது ஆரு?"

சுதா என்னைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து சொக்லேட், பொம்மை, உடுப்பு எல்லாம் பாயில் பரப்பினாள். தனு தொடவில்லை. பகல் முழுக்க அப்படியே.

நாலு மணிபோல சுதா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அங்கிருந்து என் ஃபோனுக்குக் கோல். தனு பறித்துக்கொண்டு ஓடினாள். என்ன சந்தோசம் பிள்ளைக்கு.

"ஃபோன் அம்மா, எங்கட வீட்ட ஒரு ஆள் வந்து இரிக்கி."
"எப்பிடி மகள், நல்ல ஆளா?"
"தெரியா. சும்மா பாத்துக்கொண்டே இரிக்கிறா. ஏன் அழுறீங்க? வெங்காயமா வெட்டுற?"
"ஓம் மகள், வெங்காயம்."

அரை மணித்தியாலம் கதைத்தார்கள், ஒரு கதவுக்கு இரண்டு பக்கமும். நான் கிணற்றடிக்குப் போய் நின்றேன். இந்தப் பாவம் என்னுடையது.

ராச்சாப்பாட்டுக்குப் பிறகு சுதாவிடம் சொன்னேன். எல்லாம். பொய், கண்காட்டினது, எல்லாம். ஏசுவாள் என்று இருந்தேன்.
"வளத்ததுக்கு ஏசவா அக்கா?" என்றாள். பாயைத் தட்டி விரித்துக்கொண்டே, "ஆனா நீங்க கிட்ட இருந்தா அவள் எனக்கிட்ட வரமாட்டாள். மூண்டு மாசம் வராதீங்க. கோலும் எடுக்காதீங்க."
ஓம் என்றேன்.

மார்கழி 13, வெள்ளி

வெயில். உடுப்புகள் காய்ந்தன. கட்டினது:
கவின் – பள்ளிப் பை, சப்பாத்து, துடுப்பு மட்டை.
தனு – உடுப்பு 9, போர்வை, இருமல் பாணி. (காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி, தேன் விட்டால்தான் குடிப்பாள். சுதாவுக்கு எழுதிக் கொடுத்தேன்.)

சுதா சொன்னபடி, ஆட்டோ வந்ததும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கொண்டி போட்டேன். கவின் ஜன்னலால் கை காட்டிவிட்டுப் போனான். தனுவைச் சுதாவும் ஆட்டோக்காரரும் தூக்கித்தான் ஏற்றினார்கள். "அம்மா, அம்மா" என்று கத்தினாள். என் கை கொண்டியில்.

வெளியில் சுதாவின் குரல்: "ஓம் மகள், அம்மா இஞ்சதான் இரிக்கன்."

நான் திறக்கவில்லை.