மேல் நட்டைத் தொடாதீங்க

ஏங்க, எழுந்ததும் இதைப் படிங்க. ஷெட்டுப் பக்கம் போறதுக்கு முன்னாடியே படிங்க.

கியர்பாக்ஸ் எண்ணெயை மாத்துறேன்னு என்னை ஒரு வார்த்தை கேட்காம என் காருக்கு அடியில பூந்தீங்க. புது எண்ணெய் ஊத்துற மேல் நட்டு கழலுதான்னு முதல்ல பாத்துட்டுத்தானே, பழசை வடிக்கிற கீழ் நட்டைத் திறக்கணும்? பழசு மொத்தமும் என் பெரிய பாத்திரத்துல நாறிக்கிட்டுக் கிடக்கு. துருப்பிடிச்ச மேல் நட்டு, நீங்க முறுக்கின முறுக்குல மழுங்கியே போச்சு. ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறவ பஸ்ஸுக்கு ஓடுறேன்.

வாங்கின எண்ணெயாவது சரியா? அது பின் அச்சுல இருக்கிற டிஃபரன்ஷியலுக்கு ஊத்துறது. கியர்பாக்ஸ்ல ஊத்தினா உள்ள இருக்கிற பித்தளை வளையத்தை அரிச்சுடும். சரியானதை நானே வாங்கிட்டு வரேன்.

அடுத்த வேலை கைக்கு வர்றதுக்கு முன்னாடியே, இருந்த வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வந்தப்பவும் இதையேதான் செஞ்சீங்க. அன்னைக்கு நான் வாயே திறக்கலை. இது என் கார், அதனால திறக்குறேன்.

வெல்டிங்காரர் வருவார். மழுங்கின நட்டு மேல வேற நட்டை ஒட்டித் திருகி எடுப்பார். டீ கொடுங்க, யோசனை கொடுக்காதீங்க. கார் சாவி என் பையில இருக்கு, தேடாதீங்க.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு.

இடமில்லை, ஓரத்துல எழுதுறேன். நாளைக்கு உங்க இன்டர்வியூவுக்கு இந்தக் கார்லதான் கொண்டுபோய் விடுறதா இருந்தேன். இப்பவும் அதே எண்ணம்தான். சட்டையைத் தேய்ச்சு மாட்டியிருக்கேன். நகத்துல இருக்கிற கறுப்பை மட்டும் நீங்களே கழுவிக்கோங்க.