பதினோராவது தளத்தின் கதவு

1987 செப்டம்பர் 14, திங்கள்
ஆபீசில் தொலைபேசியை எடுத்ததும் கம்பெனியின் புதுப் பெயர் வாயில் வரவில்லை. முதலில் லீட்ஸ்காரர்கள் எங்களை வாங்கினார்கள். அவர்களை இப்போது லண்டன்காரர்கள் வாங்கிவிட்டார்கள். வாசலில் புதுப் பலகை. கூரை மட்டும் பழையபடி ஒழுகுகிறது.

செப்டம்பர் 22
அலிஸ்டர் தனி ஆளாக எழுதிவரும் சுரங்கக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம். எழுதி முடிக்கும் முன்பே விளம்பரம் போடுவது எங்கள் தொழிலில் சகஜம்தான். ஆனால் ‘பதினோராவது தளத்தில் அரசியைச் சந்தியுங்கள்’ என்று போட்டிருக்கிறார்கள்.
“யாரு அந்த அரசி, க்ளெனிஸ்? எனக்கே தெரியாதே” என்று என்னிடம் கேட்டான்.
அந்தத் தளத்தில் இதுவரை இருப்பது ஒரு கதவு மட்டும்.

அக்டோபர் 9
லண்டன்காரர்களை அமெரிக்கர்கள் வாங்கப் போகிறார்களாம். அதற்குள் எத்தனை விளையாட்டு கடைக்குப் போகிறதோ அவ்வளவுக்குக் கம்பெனியின் விலை கூடும். கடைசித் தளத்தை முடிக்க அலிஸ்டர் ஆறு வாரம் கேட்டான்.
கிளைவ் ஒரு காலத்தில் முதலாளி, இப்போது வெறும் மேனேஜர். “கதவைப் பூட்டி வெச்சிடுப்பா. எவன் பத்துத் தளம் தாண்டி வரப்போறான்?” என்றார்.
இது வாங்குகிறவர்களை ஏமாற்றும் வேலை. சண்டை போடத்தான் தெம்பில்லை.

அக்டோபர் 30
விளையாட்டு கேசட்டாகக் கடைக்குப் போய்விட்டது. பூட்டிய கதவோடு.

நவம்பர் 17
அமெரிக்கர்கள் வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார்கள். அலிஸ்டர் மறுபடி ஆறு வாரம் கேட்டான். வித்துப் போன சரக்குக்கு எதுக்கு வேலை என்று சிரித்தார்கள். அவனை ஒரு பேஸ்பால் விளையாட்டு எழுதப் போட்டுவிட்டார்கள். பாவம், அவனுக்கு கிரிக்கெட்டே தெரியாது.

டிசம்பர் 9
வீட்டிலேயே உட்கார்ந்து கடைசித் தளத்தை முடித்துவிட்டான்! கேசட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கதவுக்கு அப்பால் அரசி இல்லை. ஒரு சுரங்க லிஃப்ட் கூண்டு, மேலே ஏறுகிறது, வெளியே நம் ஷெஃபீல்டு மழை. அவ்வளவுதான். ஏன் அழுதேன்?
போன் செய்து கேட்பவர்களுக்கு இதை அனுப்பலாமா என்று கிளைவிடம் கேட்டேன். கூடாதாம். விளையாட்டின் பெயரும் அமெரிக்கர்களுடையது, கதவும் அவர்களுடையது. கேசட்டை ஒப்படைக்க வேண்டுமாம்.
“குடுத்துடு க்ளெனிஸ், விடு” என்றான் அலிஸ்டர்.
வீட்டில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

1988 ஜனவரி 11
அலிஸ்டர் போன வாரமே வேலையை விட்டுவிட்டான்.
இன்று ஹல் ஊரிலிருந்து ஒரு பஸ் டிரைவர் போனில் பேசினார். “பத்துத் தளம் தாண்டிட்டேம்மா. கதவு தொறக்கவே மாட்டேங்குது. நான் மக்குன்னு பொண்டாட்டி சிரிக்கிறா.”
இரண்டாம் பாகம் வரும்வரை பொறுங்கள் என்று சொல்ல எங்களுக்கு உத்தரவு.
“நீங்க மக்கு இல்லைங்க. முகவரி சொல்லுங்க” என்றேன்.
வெற்று கேசட் தீர்ந்துவிட்டது. நாளை இன்னொரு பெட்டி வாங்க வேண்டும்.