எட்டு நெல் போதும் என்றாய்

என் தங்கமான தம்பி துரைக்கு,

அன்றைக்கு ஆற்றங்கரையில் இருந்தவர்கள் நான்கு பேர். நீ இருந்தாய். உன் மனைவி சுதாவின் அண்ணன் பழனிவேல் இருந்தார். என் மகன் குமரன் இருந்தான். மடக்கு நாற்காலியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நான் இருந்தேன். வேறு ஒருவரும் இல்லை. அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள். அதனால்தான் இதைத் தமிழ்ச் சங்க மலரில் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

களைப்பாக இருக்கிறது துரை. சான்டா கிளாராவில் குமரன் வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். எழுந்தால் படுக்கத் தோன்றுகிறது, படுத்தால் தூக்கம் இல்லை. சுதா ஃப்ரீமான்ட் வீட்டைக் காலி செய்யலாமா என்று யோசிக்கிறாள். உன் தூண்டில் கழிகள் கராஜில் அப்படியே சாய்ந்து நிற்கின்றன. உன் மகள் யாழினி காலேஜிலிருந்து வந்தால் அந்தப் பக்கமே போவதில்லை.

அந்தப் பைத்தியம் உனக்கு எப்படிப் பிடித்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து வீச வேண்டிய நீளக் கழி. புழு கிடையாது, இறகில் கட்டிய பொய்ப் பூச்சி. குளிர்காலத்தில் வடக்கே அவ்வளவு தூரம் கார் ஓட்டிப் போய், தண்ணீரில் நின்று நாள் முழுக்க வீசுவாய். ஒரு ஸ்டீல்ஹெட் மீன் கடித்தால் அதையும் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவாய்.

"குழம்புக்கு ஆகாத மீனுக்கு எதுக்குடா இத்தனை பாடு?" என்று கேட்டேன்.

"குழம்புக்குன்னா கடைக்குப் போலாம்க்கா. இதுக்கு ஆத்துக்குத்தான் வரணும்."

"உனக்குப் பொண்ணு கொடுத்தவங்க இதெல்லாம் விசாரிச்சிருக்கணும்."

சிரித்தாய். அப்புறம் எனக்கும் ஒரு பிளாஸ்க் டீ போட்டு, உடன் அழைத்துப் போக ஆரம்பித்தாய்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் டைனிங் டேபிள் முழுக்கக் கயிறுகளைப் பரப்புவாய். வீசுவதற்குக் கனமாக ஒரு கயிறு, அதன் நுனியில் மாட்டுவது டிப்பு. டிப்புதான் பூச்சியைத் தண்ணீருக்குள் இறக்கும். கனத்தது சடக்கென்று முங்கும், லேசானது மெதுவாக முங்கும். "இது அடிக்கு எட்டு க்ரெயின்க்கா, இது பதினொண்ணு, இது பதினாலு" என்பாய். க்ரெயின் என்றால் என்ன என்று கேட்டேன். "நெல்லு எடைக்கா. நம்ம ஊரு ஆசாரி தங்கம் நிறுப்பாரே, குண்டுமணி, நெல்லுன்னு. அது மாதிரிதான்." அன்றிலிருந்து எனக்கு அவை எட்டு நெல், பதினொரு நெல், பதினாலு நெல்.

அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் நான். ஆனால் காதில் விழுந்தது என்னைவிட்டுப் போகாது, உனக்கே தெரியும். உன் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காரப் போன என்னை, "நீங்க அடுத்த பந்திக்கு இருங்க" என்று பழனிவேல் நிறுத்தியதையே நான் மறக்கவில்லை. ஆற்றங்கரையில் பேசியதையா மறப்பேன்?

அன்று போய் இறங்கியதும் நீ கரையில் நின்று தண்ணீரை வெகுநேரம் பார்த்தாய். மழை நின்று ஆறு வற்றியிருந்தது. அடியில் கல்லெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. "ஓட்டமே இல்லக்கா, ஆழமும் இல்ல. எட்டு போதும்" என்று சொல்லி, எட்டு நெல் டிப்பை மாட்டிவிட்டாய். அப்போதுதான் பழனிவேல் வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, எட்டைப் போட்டு என்ன பண்ணப் போறீங்க? மீனு மேலயா மிதக்குது? பதினாலு போடுங்க. உங்களுக்குன்னு புதுசா வாங்கிட்டு வந்திருக்கேன்."

"இல்ல மச்சான், இங்க கல்லு ஜாஸ்தி. கனமானது போட்டா மாட்டிக்கும்."

"ரிவர் ரிப்போர்ட்ல ஹெவி டிப் யூஸ் பண்ணச் சொல்லிப் போட்டிருக்கான். காலையில கூட செக் பண்ணேன்."

"அது போன வாரத் தண்ணிக்கு மச்சான்."

"அப்போ நான் வாங்கிட்டு வந்தது வேஸ்ட்டா?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். பெண் எடுத்த வீட்டில் மாப்பிள்ளை முறுக்குக் காட்டாத ஆண் பிள்ளையை நான் கண்டதில்லை, உன்னைத் தவிர. மச்சான் சொன்னால் உனக்கு மறுபேச்சு வராது. எட்டைக் கழற்றிக் குமரன் கையில் கொடுத்தாய். பதினாலை மாட்டினாய். ஏன் துரை? ஆற்றைப் படித்தவன் நீ. அந்த ஒரு தரம் அவர் முகம் சுருங்கினால்தான் என்ன?

வீச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே டிப்பு அடியில் போய் இரண்டு கல்லுக்கு நடுவில் செருகிக்கொண்டது. இந்தப் பக்கம் இழுத்தாய், அந்தப் பக்கம் இழுத்தாய். வரவில்லை.

"அறுத்துடறேன் மச்சான்."

"அட அறுக்காதீங்க மாப்பிள்ளை, புது டிப்பு. தண்ணி முட்டி அளவுதானே, நடந்து போய் எடுத்துடுங்க."

"துரை, வேண்டாம்டா. அறுத்துவிட்டு வா" என்று நான் கத்தினேன்.

"அம்மா, சும்மா இருங்க. மாமாவுக்குத் தெரியாதா?" என்றான் குமரன்.

நீ நடந்தாய். முட்டி வரை வந்த தண்ணீர் தொடைக்கு வந்தது. அந்தக் கல்லுக்கு அப்பால் பள்ளம் இருந்தது கரையிலிருந்து யாருக்கும் தெரியவில்லை. கால் வழுக்கியது. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை. குமரனும் அவருமாகத் தூக்கிக் கரையில் போட்டபோது உன் கை ஐஸ் மாதிரி இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் வீட்டில் நிற்க இடமில்லாத கூட்டம். பழனிவேல் நடு ஹாலில் நின்று எல்லாரிடமும் சொன்னார்: "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஹெவி டிப் வேணாம் மாப்பிள்ளை, உள்ள இறங்காதீங்கன்னு. கேக்கல. பிடிவாதம்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. யாழினி குமரனைப் பார்த்து, "இஸ் தட் ட்ரூ?" என்று கேட்டாள். அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். "மாமா கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்ம்மா" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். "அவங்களுக்கு அதிர்ச்சி, பாவம்" என்று சொல்லி ஒரு ஆன்ட்டி என்னை ரூமுக்குள் கூட்டிப்போய்விட்டாள். திரும்பி வரும்போது காரில் குமரன் சொன்னான், "விடுங்கம்மா. என் கிரீன் கார்டு பிராசஸ்ல இருக்கு. ஆபீஸ்ல எங்க குரூப்புக்குப் பழனிவேல் அங்கிள்தான் டைரக்டர். மாமா திரும்பியா வரப் போறார்?"

நீ திரும்பி வரப் போவதில்லை. ஆனால் உன் மகள் இங்கேதான் இருக்கிறாள். போன வாரம் போனில், "ஹி டிட்ன்ட் லிசன், அத்தை. எங்களப் பத்தி யோசிக்கவே இல்ல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். உன் மேல் கோபத்தோடு அவள் வாழ்நாள் முழுக்கப் போய்விடுவாளோ என்றுதான் எனக்குத் தூக்கம் போனது. யார் பேச்சையும் கேட்காமலா செத்தாய் நீ? கேட்டதால் அல்லவா செத்தாய்?

அவளுக்குத் தமிழ் படிக்க வராது, இந்தக் கடிதம் அவளுக்கு எட்டாது. காதால் கேட்டால் புரிந்துகொள்வாள், ஆனால் போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. லீவுக்கு வரும்போது எதிரே உட்காரவைத்து, யார் என்ன சொன்னார், நீ என்ன பதில் சொன்னாய் என்று ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன். அதற்கு முன் சாக மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

"விடுக்கா" என்பாய். பழனிவேலை ஒருவேளை விட்டாலும் விடுவேன். பயத்தில் ஒரு பொய் சொன்னார், பிறகு அதைவிட்டு இறங்க அவருக்கு வழி தெரியவில்லை. ஆனால் இரண்டு காதாலும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உன் மகள் முகத்துக்கு நேரே தலையாட்டியவன் ஒருவன் இருக்கிறான். அவன் வீட்டுச் சோற்றைத்தான் தினமும் சாப்பிடுகிறேன். இந்த ஜென்மத்தில் நான் மன்னிக்க மாட்டேன், நான் பெற்ற குமரனை.

உன் கூடப்பிறந்த அக்கா,
மரகதம்