மோட்டார் சைக்கிளுக்குக் கட்டிய பாவாடை

நேற்றுக் காலை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த விரிசலை அடைக்க ஓர் ஆள் வந்திருந்தார். டப்பாவிலிருந்து பிசின் போல எதையோ ஊற்றிக் கலக்கி, கண்ணாடி இழைத் துணியை அதில் தோய்த்து ஒட்டினார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். துணி உலர்த்தப் போயிருந்த எனக்கு அந்த வாடை மூக்கில் ஏறியதும் இரண்டு முழங்கையும் அரிப்பது போல இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. "தள்ளி நில்லுங்க மாதாஜி, தூசி படும்" என்றார் அவர். நான் நகரவில்லை.

உன் மாமா பெண் போன் செய்து நீ கண்ணை மூடிவிட்டதைச் சொன்ன நாளிலிருந்து உன்னைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இங்கே இப்போது உன்னை யாருக்குத் தெரியும்? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

டெல்லி லோதி ரோடில் நம் ஆபீசின் இரண்டாவது மாடி ஞாபகம் இருக்கிறதா? கிராமத்து வீடுகளில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரும் பிரிவு அது. வெளியே போய்க் கேட்பவள் நீ. வந்த படிவங்களைக் கூட்டிக் கழித்து அட்டவணை போடுபவள் நான். மற்றவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்கள் கொண்டுவரும் படிவங்களில் பெண்களுக்கான பக்கத்தில் 'வீட்டு வேலை' என்று இரண்டே வார்த்தை இருக்கும். நீ கொண்டுவருவதில் ஓரத்திலெல்லாம் எழுதியிருப்பாய். சாணி தட்டுவது, எருமைக்குத் தீவனம் வெட்டுவது, வாய்க்காலில் தண்ணீர் மடை மாற்றுவது, மாமனாருக்கு ஹூக்கா நிரப்புவது. உன் கையெழுத்து மோசம். ஆனாலும் உன் படிவம் வந்தால் நான் மற்றதை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பேன்.

பஸ் போகாத கிராமங்களுக்காகத்தான் நீ அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினாய். ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவருடையது, கனத்த வண்டி. லக்ஷ்மிபாய் நகரில் உன் மாமா வீட்டு வாசலில் அது வந்து நின்றபோது குவார்ட்டர்ஸ் முழுவதும் எட்டிப் பார்த்தது. "விழுந்தா நீ எந்திரிச்சிருவ. வண்டிய யாரு தூக்குவா?" என்று மாமா கேட்டார். அடுத்த வாரமே சல்வார் கமீஸின் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு சோனிபத் பக்கம் டூர் கிளம்பிவிட்டாய்.

அந்த ஜனவரியில்தான் விழுந்தாய். குளிரில் காற்று முழங்காலுக்குக் கீழே அடித்து அடித்து இடது பாதம் மரத்துப்போயிருக்கிறது. அந்த வண்டியில் பிரேக் இடது காலில். முன்னால் போன மாட்டு வண்டி நின்றதும் நீ மிதித்தாய், ஆனால் கால் மிதித்ததா இல்லையா என்றே உனக்குத் தெரியவில்லை. வண்டியோடு கடுகு வயலுக்குள் போனாய். அடி பெரிதாக இல்லை. மஞ்சள் பூ ஒட்டிய ஸ்வெட்டரோடு ஆபீசுக்குள் வந்து நின்றதை எல்லாரும் பார்த்தார்கள், நம் ஆபீசரும் பார்த்தார்.

அவர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அந்த வருடம் தீபாவளி கழிந்ததும் உன்னைக் கூப்பிட்டார். நானும் அட்டவணையோடு அங்கேதான் நின்றிருந்தேன்.

"இந்தக் குளிர் மூணு மாசமும் நீங்க வெளியில போக வேண்டாம்மா. உள்ள உக்காந்து வேலை பாருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அந்த வீடுங்களுக்கு யாரு சார் போவா?"

"வேற ஆளை அனுப்பறேன்."

"வேற ஆளுகிட்ட அந்தப் பொம்பளைங்க பேச மாட்டாங்க சார்."

"பேசலேன்னா அந்த வீடுகளை விட்டுடலாம். என்ன பண்றது?"

ஒரே வீட்டுக்குக் கோடையில் ஒரு முறை, மழையில் ஒரு முறை, குளிரில் ஒரு முறை போக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அந்த வீடு கணக்கிலேயே வராது. கோடையும் மழையும் நீ போய் வந்துவிட்டாய். ஒவ்வொரு பெண்ணையும் பேச வைக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும்.

"ஒரே ஒரு தடவை போயிட்டு வாரேன் சார். வந்த பிறகு என் காலப் பாத்துட்டு நீங்க முடிவு பண்ணுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தனியாப் போகக் கூடாது. கூட ஒருத்தர் போகணும்."

"நான் போறேன் சார்" என்றேன். அதைச் சொன்னது நான்தான் என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. அதுவரை நான் அந்த வண்டியின் பின் சீட்டில் பக்கத்திலிருக்கிற ஐ.என்.ஏ. மார்க்கெட்டைத் தாண்டிப் போனதில்லை.

காற்று காலில் படாமல் மறைக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்றாய். கரோல் பாக்கில் மோட்டார் சைக்கிள் சாமான் கடைகளாகப் பார்த்துக்கொண்டு போனோம். ஒரு கடையின் உத்தரத்தில் ஹெல்மெட்டுகளுக்கு மேலே தூசி படிந்து ஒரு ஜோடி தொங்கியது. எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் முன்னால் நின்று காலை மறைக்கிற வளைந்த ஃபைபர் தகடுகள். லோயர் ஃபேரிங் என்றார் கடைக்காரர்.

"ஆனா இது உங்க வண்டிக்குப் பண்ணினது இல்லே மேடம். வேற வண்டிக்கு. மாட்டிப் பாத்துட்டு என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது" என்று இந்தியில் சொன்னார்.

"வரமாட்டேன் பாயி சாப். இறக்குங்க" என்றாய்.

ஆட்டோவில் ஆளுக்கு ஒன்றைத் தொட்டி போல மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். குழந்தையைக் குளிப்பாட்டவா என்று டிரைவர் கேட்டார். ஆமாம் என்றாய். ஜோடியாக இரண்டு இருக்கிறதே என்றார். இரட்டைக் குழந்தை என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் நடுவே இருந்த புல்வெளியில், வெயில் வந்ததும் வண்டியை நிறுத்தினோம். சுற்றிலும் கட்டில் போட்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் பின்னுவதை நிறுத்தாமலே பார்த்தார்கள். தகட்டில் இருந்த துளை ஒன்றும் வண்டியில் இருந்த எதற்கும் பொருந்தவில்லை. முன்பக்கத்து லெக் கார்டு கம்பியில் சைக்கிள் டியூபைச் சுற்றி, கோட்லா கடைத்தெருவில் வாங்கிய கிளாம்ப்பைப் போட்டு, ஒரு வழியாகப் பிடித்து நிறுத்தினோம். வலது பக்கத் தகடு கியர் மிதியை மறைத்துக்கொண்டு நின்றது. கால் உள்ளே போகவே இல்லை.

"வெட்டணும்" என்றாய். ஆனால் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாய். அப்படி நீ தயங்கி நான் பார்த்ததில்லை. தப்பாக வெட்டினால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, மாட்டவும் முடியாது.

நான் வீட்டுக்குள் போய்ப் பழைய காலண்டர் தாளும் கத்தரிக்கோலும் எடுத்து வந்தேன்.

"என்னட்டி பண்ணுத?"

"ஜாக்கெட்டுக்குக் கைக்குழி வெட்ட மாட்டேனா? அந்த மாதிரிதான். காலை வச்சு மேலயும் கீழயும் ஆட்டு."

நீ சீட்டில் ஏறி உட்கார்ந்து கியரை மாற்றிக் காட்டினாய். நான் புல்லில் மண்டியிட்டுத் தாளை வைத்து, உன் ஷூ போகிற வழியைப் பென்சிலால் கோடு இழுத்து, வெட்டி, மறுபடி வைத்துப் பார்த்தேன். மூன்றாவது தாள் சரியாக வந்தது. அதைத் தகட்டின்மேல் ஒட்டி அதன் ஓரமாகவே ரம்பத்தை இழுத்தாய். வெள்ளைத் தூள் பறந்தது. பாதம் உள்ளே போய் வந்தது, எங்கும் உரசவில்லை. ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் கை தட்டினார்.

அந்தத் தூள் என்ன செய்யும் என்று நம் இருவருக்கும் தெரியாது. சாயங்காலம் முழுவதும் சொறிந்துகொண்டே இருந்தோம். வெந்நீரில் குளித்தால் போகும் என்று குளித்தோம். இன்னும் மோசமாகிவிட்டது. உன் மாமி தேங்காய் எண்ணெயைக் கொடுத்து, "ரெண்டு கழுதையும் உள்ள வராம வாசல்லயே இருங்க" என்றார்.

முதல் ஓட்டம் சரியாக வரவில்லை. ரிங் ரோடில் ஒரு சுற்று போய்த் திரும்பியபோது எஞ்சின் கொதித்தது, எண்ணெய் தீய்ந்த வாடை. காற்றைக் காலுக்குப் போகாமல் தடுத்தோமே தவிர, எஞ்சினுக்கும் அதே காற்றுதான் வேண்டும் என்பதை மறந்துவிட்டோம். போதாததற்குத் தகடு இரண்டும் தகர டப்பா போல அதிர்ந்தன. நீ நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். இதோடு விட்டுவிடுவாய் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்ட்டி. ஒட்டிக்கிட்டு நின்னா அதுக்கும் மூச்சு முட்டும்லா" என்றாய்.

மறுநாள் நீளமான போல்ட்டுகள் வாங்கி, தகடுகளை எஞ்சினை விட்டு ஒரு கை அகலம் வெளியே தள்ளி மாட்டினோம். நடுவே காற்று போக வழி கிடைத்தது. அதிர்வுக்கு ரப்பர் வாஷர் தடிமனாக வேண்டும். கடையில் அந்த அளவு இல்லை. நீ உள்ளே போய் ஹவாய் செருப்பு ஒன்றைக் கொண்டுவந்தாய். வட்டம் வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு இறுக்கினோம். சத்தம் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மாமா வாசலுக்கு வந்து, "ஒத்தச் செருப்பக் காணலயே, நாய் தூக்கிட்டுப் போயிட்டா?" என்று தேடினார். நீ தலை நிமிராமல் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தாய். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரியில் கிளம்பினோம். மூடுபனி கொஞ்சம் கலைந்த பிறகே புறப்பட வேண்டும் என்பதில் நீ கறாராக இருந்தாய். அம்மாவின் ஷாலை நான் தலையோடு சுற்றியிருந்தேன். நகரம் தாண்டியதும் காற்று அறைந்தது. இரண்டு பக்கமும் கடுகுப் பூ. போன வருடம் நீ விழுந்த இடத்தைக் கையால் காட்டினாய், வேகத்தைக் குறைக்காமல். உன் முதுகுக்குப் பின்னால் நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். உன் கால் மரத்துவிட்டதா என்று ஒவ்வொரு மைல் கல்லிலும் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். ஒரு ரயில்வே கேட்டில் நின்றோம். நீ திரும்பினாய். மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, கால் சுடுது" என்றாய்.

எஞ்சினின் சூடு அந்த இடைவெளி வழியாக உன் கால் பக்கம் வந்துகொண்டிருந்தது. நாம் அதற்குத் திட்டம் போடவே இல்லை. நான் இறங்கி உன் இடது ஷூவைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கேட் திறந்து, பின்னால் லாரிக்காரர் ஹார்ன் அடிக்கிறவரை நான் கையை எடுக்கவில்லை.

கிராமத்தில் முதல் வீட்டு வாசலில் அந்த மருமகள் நின்றிருந்தாள். மழைக்காலத்தில் நீ போனபோது முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு வார்த்தை பேசாமல், எல்லாவற்றுக்கும் மாமியாரையே பதில் சொல்ல விட்டவள். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். தகட்டைத் தட்டினாள்.

"மோட்டார் சைக்கிளுக்குப் பாவாடை கட்டி விட்டிருக்கிறாயே" என்றாள். அடுத்த வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். பாவாடை, பாவாடை என்று ஒரே சிரிப்பு. நீயும் சிரித்தாய்.

"இந்தக் குளிரில் வருவாய் என்று நான் நினைக்கவில்லை" என்றாள் அவள் அப்புறம்.

உள்ளே மாமியார் வழக்கம்போலக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீ கேள்வியைக் கேட்டாய். குளிர் நாளில் இந்த வீட்டில் முதலில் எழுவது யார்? மாமியார் வாயைத் திறந்தார். ஆனால் நீ மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வேறு எதுவும் சொல்லவில்லை, கேள்வியைத் திரும்பக் கேட்கவும் இல்லை. நான் அந்த மௌனம் தாங்காமல் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன். எருமை ஒன்று மூச்சு விட்டது. பிறகு முக்காட்டுக்குள்ளிருந்து, "நான்தான்" என்று குரல் வந்தது. அதன்பின் அவள் நிறுத்தவில்லை. உன் பேனா ஓரத்துக்குப் போய்விட்டது. மாமியார்கூட நடுவில், "அதையும் சொல்லு, கிணற்றடியில் வழுக்கி விழுந்ததையும் சொல்லு" என்று எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் திரும்பிவிட்டோம். ஆபீசர் படிவங்களைப் புரட்டினார். அந்த மருமகளின் படிவம் வந்ததும் நிறுத்தி, ஓரத்திலிருந்ததையெல்லாம் நிதானமாகப் படித்தார்.

"கால் எப்படிம்மா இருக்கு?"

"ரெண்டு மாடி ஏறித்தானே சார் வந்திருக்கேன்."

அவர் சிரித்தார். குளிர்கால டூர் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அந்தத் தகட்டை எந்தக் கடையில் வாங்கினீங்க என்று கேட்டார். அவருடைய தம்பியும் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தாராம்.

ஒரு வீட்டைக்கூட நாம் விடவில்லை. அடுத்த கோடையில் உனக்குப் பதவி உயர்வோடு நாக்பூர் மாற்றல் வந்தது. வண்டியைச் சாக்கில் சுற்றி ரயிலில் ஏற்றினோம். அப்புறம் கடிதங்கள், போன்கள், நடுவில் பேசாமல் போன வருடங்கள். கடைசியாகப் பேசியபோது உனக்குக் குரல் மெலிந்திருந்தது. ஆனாலும் பேச்சில் பாதி, நான் சொன்ன எதற்கோ நீ சிரித்ததுதான்.

உனக்கு நான் சரியாகச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. நீ நாக்பூர் போனபின் உன் கிராமங்களுக்கு யார் போவது என்று ஆபீசர் கேட்டார். அட்டவணை நாற்காலியிலிருந்து நான் எழுந்து நின்றேன். எனக்கு வண்டி ஓட்ட வராது. பஸ்ஸில் போய் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தேன். அந்த மருமகள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அவள் எங்கே என்று கேட்டாள். மாற்றலாகிப் போய்விட்டாள் என்றேன். சரி, இனி வாயைத் திறக்கமாட்டாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். "உட்கார். என்ன கேட்கணுமோ கேள்" என்றாள்.

ஓய்வு பெறும்வரை அப்படி எத்தனையோ கட்டில் ஓரங்களில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது பக்கத்துக் காலனி ஆஸ்பத்திரியில் வாரத்தில் இரண்டு நாள், வருகிற பெண்களிடம் என்ன உடம்புக்கு என்று கேட்டு எழுதிக் கொடுக்கிறேன். கூட வந்த ஆள் முந்திக்கொண்டு பதில் சொல்லப் பார்ப்பார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். வரிசை நீளும், டாக்டர் கூப்பிடுவார். பரவாயில்லை. அவள் பேசட்டும்.