கலியாணப் பாட்டு கடைசியில் வந்த படம்

என் பாட்டுப் பைத்தியமே, தங்கம்மா மச்சாளே,

நீ இருக்கிற இடத்தில் படம் காட்டுகிறார்களோ தெரியாது. காட்டினால், பாட்டுக் குறைவென்று இந்நேரம் அங்கேயும் சண்டை பிடித்திருப்பாய். இங்கே நிலைமை அப்படித்தான் இருக்கிறது. யுத்தத்தால் பிலிமுக்குத் தட்டுப்பாடாம். இந்தியாவிலிருந்து வருகிற படமெல்லாம் கூப்பன் அரிசி மாதிரி அளந்துதான் வருகிறது. முன்பெல்லாம் ஒரு பாட்டு முடிவதற்குள் நாம் கொண்டுபோன கடலை முழுவதும் தீர்ந்துவிடும். இப்போது வாயில் போட்டதை மெல்லுவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது.

மற்றப்படி எல்லோரும் சுகம். துறைமுகம் நிறையக் கப்பல்கள். உன் புருஷனுக்கு, அதுதான் என் அருமைத் தம்பிக்கு, டொக்யாட்டில் கப்பல் பழுதுபார்க்கிற ஓயாத வேலை. அதனால் பூமணி என்னோடுதான் இருக்கிறாள். நன்றாக வளர்ந்துவிட்டாள். தலை வாரும்போது மட்டும் ஊரைக் கூட்டுகிறாள். உன் பிள்ளை வேறு எப்படி இருப்பாள்?

இந்தக் கடிதத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. உன் படகுப் படம் திரும்பவும் வந்தது.

படங்களுக்கு நாமே பெயர் வைப்போம் அல்லவா? எனக்குப் பிடித்தது பாம்பாட்டிப் படம். அரசன் மகள் மகுடியைப் பறித்துக்கொண்டு பாடுகிற பாட்டுக்கு ஈடில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அதற்கடுத்தது இரட்டை ராணிப் படம். ராணிகள் ஏட்டிக்குப் போட்டியாகப் பாடப் பாட, ராசா சிம்மாசனத்திலேயே குறட்டை விடுவாரே, அதை நினைத்தால் குசினியில் தனியே நின்று சமைக்கும்போதுகூடச் சிரிப்பேன். நீ இரண்டையும் ஒத்துக்கொள்ளமாட்டாய். "சிரிச்சாப் போதுமே மச்சாள்? பாட்டுக் கேட்டால் வயித்துக்குள்ள என்னவோ செய்யோணும்," என்பாய். உனக்குப் படகுப் படம்தான் படம்.

அதை நாம் பார்த்தது குண்டு விழுவதற்கு முன்னால். தகரக் கொட்டகை, பெண்கள் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து நீயும் நானும். ஓடக்காரன் மகள்மேல் இளவரசன் ஆசைப்படுகிற கட்டம் முடிந்ததும் அபாயச் சங்கு ஊதியது. விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் பதுங்கு குழிக்கு ஓடினோம். வெறும் ஒத்திகை என்று தெரிந்து திரும்பி வந்தபோது, படம் ஓட்டுகிற மிஷின்காரர் அந்தோனி நீலக் கடதாசி ஒட்டிய டோர்ச்சை வைத்துக்கொண்டு படச் சுருள்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

படம் மறுபடி ஓடியது. பெரிய ராணி நஞ்சு கொடுத்தாள். ஓடக்காரன் மகள் ஆற்றங்கரையில் உயிரை விட்டாள். இளவரசன் பாடிப் பாடி அழுதான், நாமும் அழுதோம். பிறகு அடுத்த சுருளில் பார்த்தால் பூச்சோடித்த படகு! அதே பெண் மாலையும் கழுத்துமாக இளவரசனுக்குப் பக்கத்தில் இருந்து கலியாணப் பாட்டுப் பாடுகிறாள்.

இது எப்படி என்று கொட்டகையில் ஒருவராவது கேட்டார்களா? நாம் பார்த்த படங்களில் செத்தவர்களைச் சிவபெருமான் எழுப்பிவிடுவது வழக்கம்தானே. "உயிர் குடுத்திட்டார்!" என்று முன் வாங்கில் ஒருவர் சொல்ல, எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். நீ வாங்கில் ஏறி நின்று "வன்ஸ் மோர்!" என்று கத்தினாய். "இறங்கடி, மானம் போகுது," என்று நான் உன் சேலையைப் பிடித்து இழுத்தேன். சனம் கேட்டால் பாட்டைத் திருப்பிப் போடுவது நம் கொட்டகை வழக்கம். அந்தோனியும் திருப்பிப் போட்டார்.

பிறகு உண்மையாகவே குண்டு விழுந்தது. மாட்டுவண்டியில் தம்பலகாமத்துக்கு ஓடினோம். அங்கே காய்ச்சல் உன்னைப் பிடித்தது. நடுங்கிக்கொண்டே பூமணிக்கு அந்தப் படத்தின் கதையைச் சொன்னாய், ஒவ்வொரு பாட்டையும் பாடிக் காட்டினாய், கலியாணப் பாட்டைக் கடைசியில் பாடினாய். அதன் பிறகு நீ அதிக நாள் இருக்கவில்லை. எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான். போகிற வயதா அது?

இப்போது நடந்ததைக் கேள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். படம் வருவதற்கு முன்பே அதன் கதை வந்துவிட்டது. பூமணியோடு படிக்கிற கனகம் யாழ்ப்பாணத்துக்குப் போனபோது அந்தப் படத்தைப் பார்த்தவளாம். பள்ளிக்கூடத்திலிருந்து உன் மகள் முகம் சிவந்து வந்தாள்.

"மாமி, கடைசியில அவ செத்துப் போறாவாம். எழும்பி வாறதே இல்லையாம். அம்மா எனக்குப் பொய் சொன்னவவா?"

"கனகத்துக்கு என்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாப்பம்," என்று வாய் விட்டுவிட்டேன்.

விட்ட பிறகுதான் பயம் வந்தது. படம் தொடங்கிய அன்றே தனியாகப் போய்ப் பார்த்தேன். கலியாணப் பாட்டு நடுவில் வந்தது. கடைசியில் அவள் செத்தாள். செத்தவள் செத்தவள்தான். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இருட்டில் மாறிப்போன ஒரு சுருளைப் பார்த்து எத்தனை பேர் கும்பிட்டோம்! பிறகு பூமணியின் முகம் ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. நீ அவளுக்கென்று விட்டுப்போனது அந்தக் கதை ஒன்றுதான். அதையும் பொய்யென்று அவள் நினைத்துவிட்டால்?

அந்தோனியைப் போய்ப் பிடித்தேன்.

"தம்பி, ஞாயிறு பின்னேரக் காட்சிக்கு மட்டும் கலியாணச் சுருளைக் கடைசியில போட ஏலாதோ?"

"ஏலாது அக்கா. அண்டைக்கு விட்ட பிழைக்கே முதலாளி என்னை வேலையிலயிருந்து கலைக்கப் பாத்தவர். இப்ப ஒவ்வொரு பெட்டியிலயும் வெள்ளைப் பெயின்ரால இலக்கம் எழுதி வைச்சிருக்கிறன்."

எதற்காகக் கேட்கிறேன் என்று சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

"நானாப் போட ஏலாது. சனம் கேட்டால் முதலாளியும் வாய் திறக்கமாட்டார். ஆனா சனம் எழும்பிப் போக முந்திக் கேக்கோணும். ஆராவது ஒராள் தொடங்கோணும்."

அந்த ஒராள் எப்போதும் நீதானே, தங்கம்மா! கோயிலில் அரோகரா சொல்லவே வெட்கப்படுகிறவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை பூமணியைக் கூட்டிக்கொண்டு போனேன். பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம், கூடவே பாடினாள். நடுவில் படகும் பூவும் வந்தபோது பாடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். கடைசியில் ஓடக்காரன் மகள் செத்தாள். உன் பிள்ளை அழவில்லை. என் கைக்குள் இருந்த தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

திரை வெளுத்தது. ஆண்கள் பக்கத்தில் செருப்புத் தேடத் தொடங்கிவிட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாங்கில் ஏறினேன்.

"வன்ஸ் மோர்!"

முதலில் பூனைக்குட்டிக் குரல்தான் வந்தது. மூச்சை இழுத்து இன்னொருமுறை கத்தினேன். "வன்ஸ் மோர்! கலியாணப் பாட்டு!" கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சத்தியமாக, அப்போது பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். கிண்ணியாவிலிருந்து வந்து வாசலில் கடலை விற்பாரே, நம் மீரான் காக்கா, அவர்தான் என்னைக் காப்பாற்றினார்.

"ஓம், அண்டைக்குக் கடைசியிலதான் வந்தது! எனக்கு நல்ல ஞாபகம்! போடு அந்தோனி!"

அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. போடு, போடு என்று தகரத்தில் தட்டத் தொடங்கினார்கள். போன செருப்பெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்தது. விளக்கு அணைந்தது, படகு வந்தது. கொட்டகையே சேர்ந்து பாடியது. நானும் பாடினேன், மச்சாள். சந்தோஷமாக இருந்தது. நீ இல்லாமல் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

கடற்கரை வழியாக வீட்டுக்கு நடந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது.

"மாமி, அது நடுவில வந்த பாட்டுத்தானே. நீங்கள் கத்தினபடியால்தான் திருப்பிப் போட்டவை."

அவளை ஏமாற்றலாம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல? சங்கு ஊதியது, குழிக்கு ஓடியது, சுருள் மாறியது எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப அம்மா தான் பாத்ததைத்தான் சொன்னவ?"

"ஓம் பிள்ளை. பாத்ததைத்தான் சொன்னவ."

"அப்ப பொய் இல்லை." கையை மறுபடி என் கைக்குள் வைத்தாள். "நாளைக்குக் கனகத்துக்குச் சொல்லுவன். யாழ்ப்பாணத்தில செத்தால் செத்ததுதானாம். எங்கட ஊரில ரெண்டு முறையும் எழும்பி வந்தவ எண்டு."

எனக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. அவள் முன்னால் போய்ப் பாடத் தொடங்கினாள். கலியாணப் பாட்டின் மூன்றாவது அடியில் நீ சுருதி தவறவிடுவாயே, அதே இடத்தில் அவளும் தவறவிட்டாள். நான் திருத்தவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். யுத்தம் எப்போது முடியுமோ, படம் இன்னும் எவ்வளவு சுருங்குமோ எனக்குத் தெரியாது. எந்தப் பாட்டை இன்னொருமுறை கேட்க உன் மகள் ஆசைப்பட்டாலும், அதைக் கேட்டு வாங்க நான் எழும்பி நிற்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் போலவே மானத்தை வாங்கப் பழகிவிட்ட மச்சாள்,
பூமணியின் மாமி.