தாய்மாமன் பேனர்

திருக்கழுக்குன்றம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மச்சான் இனியனுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் ஜெயக்குமார் எழுதிக்கொள்வது. இங்கே லதாவும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறார்கள். அடுத்த வரியில் உன் நலத்தைக் கேட்க வேண்டும். கேட்கக் கை வரவில்லை. ஏன் என்பதை இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

போனில் எதுவும் பேசக் கூடாது, உன் போனை அங்கே யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று உன்னோடு வேலை செய்யும் ஜெஸ்ஸி சொன்னார். விசா புதுப்பிக்க நீ பக்கத்து நாட்டுக்கு வரும்போது அங்கே வைத்து இதை உன் கையில் கொடுப்பாராம். நாட்டின் பெயரையும் உன் டிரைவர் பெயரையும் எழுதாதீர்கள் என்றார். அதனால் 'அவர்' என்றே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

முதலில் வீட்டுச் சேதி. ஹேமந்துக்குக் குத்திய காது இரண்டு வாரம் சீழ் பிடித்திருந்தது, இப்போது ஆறிவிட்டது. மொட்டைத் தலையில் முடி முள்ளு முள்ளாக முளைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் தடவிப் பார்க்கிறார்கள் என்று தொப்பி கேட்கிறான். சிநேகா பத்தாம் வகுப்பு. உன்னைப் போல் செய்தியாளராகப் போகிறேன் என்றவள் இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மழை நன்றாகப் பெய்து சங்கு தீர்த்தக் குளம் நிறைந்துவிட்டது. பேனர் கடையில் வேலைக்குக் குறைவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனித் தொழிலாளர்கள் ஆயுத பூஜைக்கு மட்டும் முப்பது பேனர் அடித்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

காதணி விழாவுக்கு நீ வர முடியாது என்று தெரிந்தபோது லதா பட்ட பாடு உனக்குத் தெரியாது. விசா புதுப்பிக்கும் தவணைக்கு முன்னால் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், இருக்கிற நாலு செய்தியாளர்களில் நானும் போய்விட்டால் அங்கே நடப்பதைச் சொல்ல ஆளில்லை என்று நீ சொன்னது எங்களுக்குப் புரிந்தது. சொந்தக்காரர்களுக்குப் புரியுமா? அம்மா அப்பா போன பிறகு லதாவுக்குத் தாய்வீடு என்றால் நீ ஒருவன்தான். தாய்மாமன் மடியில்லாமல் காது குத்துவதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கடைசியில் உன் பெரியப்பா மகன் வரதன் மடியில்தான் ஹேமந்தை உட்கார வைத்தோம். அவனாவது சும்மா இருந்தானா? பத்திரிகை வைக்கப் போனபோதே, "இன்னாமே லதா, ஒந் தம்பி டிவில வருவான், பேப்பர்ல வருவான், பந்தியில மட்டும் வரமாட்டானா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டான். லதா வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு தொழில். அதில் பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். மண்டப வாசலில் பத்தடி உயரத்துக்கு உன்னை நிறுத்துகிறேன், எவன் கேட்கிறான் பார்க்கலாம் என்றேன்.

உன் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஆடி மாதம் நீ லதாவுக்கு அனுப்பிய படம் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. நீயும் அவரும் அவர் வீட்டு வாசலில் நிற்கும் படம். உன் தோளில் அவர் கை. அதன் கீழே நீ எழுதியிருந்ததை வரி மாறாமல் சொல்வேன்: 'அக்கா, எனக்கு இப்போது வண்டியோட்ட இந்த ஊரில் வேறு யாரும் வருவதில்லை. பால்காரர்கூடக் கதவைத் தட்டப் பயப்படுகிறார். இவர் வீட்டில்தான் தினமும் சாப்பாடு. பார்த்துவிட்டு அழித்துவிடு. யாருக்கும் அனுப்பாதே.' லதா ஒருத்தருக்கும் காட்டவில்லை. ஆனால் உன் முகத்தை அழிக்க மனமில்லாமல் வைத்திருந்தாள். அவள் குளிக்கப் போயிருந்தபோது நான் அதைக் கடைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிக்கொண்டேன்.

படித்துவிட்டுத்தான் செய்தேன், மச்சான். தெரியாமல் செய்ததாகச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அவரை வெட்டி எடுக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். கட்சிக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டால் பக்கத்தில் நின்றவரை அழித்துக் கொடுப்பவன் நான். ஆனால் அவரை வெட்டவில்லை. அயல்நாட்டு மனிதர் ஒருவர் தோளில் கைபோட்டு நிற்கும்போது உனக்கு ஒரு மதிப்பு தெரிந்தது. வரதன் வயிறு எரியட்டும் என்று விட்டுவைத்தேன். உங்கள் தலைக்குப் பின்னால் ஓடிய மின்சாரக் கம்பிகளை அழித்தேன். அவர் சட்டைப் பையில் இருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தேன். அவர் வீட்டம்மா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்துக்கொண்டே துடைத்தேன். பேனரைப் பார்த்ததும் லதாவுக்கு முகம் மாறிவிட்டது. இந்தப் படத்தை ஏன் போட்டாய் என்று கேட்டாள். திருக்கழுக்குன்றத்து மண்டபத்தில் கட்டுகிற பேனரை அந்த நாட்டில் இருக்கிறவன் எவன் பார்க்கப்போகிறான் என்று அவள் வாயை அடைத்தேன்.

பேனரோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. செங்கல்பட்டிலிருந்து ஒரு யூடியூப் சேனல்காரர் விழாவுக்கு வந்திருந்தார். 'நம்ம ஊர்ப் பிள்ளை' என்று உன்னைப் பற்றி ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்றார். வரதன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் புதுச் சட்டையோடு பேனர் முன்னால் போய் நின்றேன். ராணுவம் ரோட்டை மறித்தால் உங்கள் மச்சான் எப்படிச் சேதி எடுக்கிறார் என்று அவர் கேட்டார். எனக்கென்ன தெரியும்? நீ அதையெல்லாம் எங்களிடம் சொன்னதே இல்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பேனரைக் கைகாட்டி, "தோ பக்கத்துல நிக்கிறாரே, இவர்தான் சார் எல்லாம். மிலிட்டரி மறிச்சாலும் சந்து பொந்துல பூந்து இட்டுகினு பூடுவாரு. இவரு இல்லன்னா எம் மச்சானுக்கு அங்க ஒண்ணுமே கெடைக்காது" என்றேன். கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அத்தனையும் நானாகச் சேர்த்த கதை.

அதற்குப் பன்னிரண்டாம் நாள் அங்கே அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நீ லதாவுக்குப் போன் செய்து, நானும் அவரும் நிற்கும் படத்தை இங்கே டிவியில் காட்டினார்களாம், என்னிடமும் அக்காவிடமும் தவிர இந்தப் படம் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மாவிடம்தான் இருந்தது, அந்தம்மா தம்பி போலீசில் இருக்கிறார், அந்தம்மாதான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்று சொன்னாய். லதா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கே சேனல்காரரைக் கெஞ்சி வீடியோவை எடுக்க வைத்தேன். அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு யாராவது செய்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ அந்தம்மா வீட்டைக் காலி செய்தாய். அந்த வீட்டு ஜன்னலில் யாரோ கல்லெறிந்ததாகச் சொன்னாய். லதா அந்தம்மாவை விளக்கு வைக்கிற நேரத்தில் சபித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. ஒரு மாதம், மச்சான். ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை ஜெஸ்ஸி கடைக்கு வந்தார். ஊருக்கு வந்திருக்கிறேன், உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். அந்த நாட்டு டிவியில் காட்டிய படத்தைப் போனில் காண்பித்தார். அவர் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அந்நிய உளவாளிக்குத் திருட்டு வழி காட்டியவன் என்று கீழே எழுதியிருந்ததாம். நான் எழுத்தைப் பார்க்கவில்லை. பின்னால் கம்பிகள் இல்லை. சட்டைப் பையில் கறை இல்லை.

நீயும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாய். கண்டுபிடித்திருக்க மாட்டாய். அழித்த இடம் தெரியாமல் அழிப்பதுதானே என் தொழில். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஜெஸ்ஸியிடம் சொல்லிவிட்டு வெளியே போனவன் குளத்தை மூன்று சுற்று சுற்றினேன். திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார்.

வீட்டுக்குப் போய் லதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். உன் தம்பிக்கு நீயே எழுதிவிடேன், எனக்குத் தைரியம் இல்லை என்றேன். "நீயே எழுது. நான் எழுதினா உன்னக் காப்பாத்தறா மாதிரி எழுதிடுவேன்" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. சாப்பாடு போடுகிறாள். தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

மறுநாள் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போய் ஷபானா என்ற வக்கீலைப் பார்த்தேன். படத்தைத் திருடிப் போட்டவன் நான், வீடியோவில் சொன்னது முழுவதும் நானே கட்டிய பொய், அந்த மனிதரை எனக்குத் தெரியவே தெரியாது என்று ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரை வைத்துக் கொடுத்தார். இது அந்த ஊர்க் கோர்ட்டில் செல்லுமா என்று சொல்ல முடியாது என்றார். ஊருக்குத் தெரிந்தால் உங்கள் பெயர் கெடும், பரவாயில்லையா என்றும் கேட்டார். பேனரில் ஊரார் பெயரையெல்லாம் போட்டுப் போட்டு என் பெயருக்கும் ஒரு மதிப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். போகட்டும் மேடம் என்றேன். பிறகு ஜெஸ்ஸியைக் கண்டுபிடித்து அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லி, இரண்டு பிரதிகளைக் கொடுத்திருக்கிறேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது நான், மாட்டிக்கொண்டது கடல் தாண்டி இருக்கும் ஒரு மனிதர். உனக்குத் தினமும் சோறு போட்டதைத் தவிர அவர் எங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்? எல்லோரும் உன்னைக் கண்டு கதவைச் சாத்தியபோது கதவைத் திறந்தவர். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த முகத்தை மட்டும் மணிக்கணக்கில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு இருக்கிறது.

மச்சான், நீ செய்தியாளன். இதையும் செய்தியாக எழுது. என் பெயர், கடைப் பெயர், ஊர் எல்லாவற்றையும் போடு. அக்கா புருஷன் என்று பார்க்காதே. 'ஓர் உறவினர்' என்று மூடி எழுதாதே. முதலில் உன் பழைய வீட்டுக்காரம்மாவிடம் போய் மன்னிப்புக் கேள். அது நீ கேட்க வேண்டியதுதான், ஆனால் என்னால் வந்தது. லதா சபித்ததையும் சேர்த்துக் கேட்டுக்கொள்.

பிறகு அவர் வீட்டம்மாவிடம் போ. யாருக்கும் அனுப்பாதே என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் நான் செய்தேன் என்பதைச் சொல். பாமரன், விவரம் போதாது என்று எனக்காக ஒரு சொல்லும் சேர்க்காதே. அந்த அம்மா திரும்ப என்ன சொன்னாலும் அப்படியே தமிழில் எழுதி அனுப்பு. சாபம் கொடுத்தால் சாபத்தையும் எழுது. பிள்ளைகளுக்குப் பட்டுவிடும் என்று பயந்து மாற்றிவிடாதே. நீ மாற்றினால் எனக்குத் தெரிந்துவிடும்.

லதா உன்னை உடனே ஊருக்கு வரச் சொல்லி எழுதச் சொன்னாள். இந்த மூன்று நாளில் என்னிடம் அவள் பேசியது அது ஒன்றுதான். எழுதிவிட்டேன். வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. அவரை அங்கே விட்டுவிட்டு நீ வரமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்று விடியலில் மலையேறி வேண்டிக்கொண்டு வந்தேன். முதலில் அவர் தன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்குப் பிறகு நீ நம் வீட்டுக்கு வர வேண்டும் என்று அந்த வரிசையில்தான் வேண்டினேன். லதாவுக்கு இது தெரியாது.

இப்படிக்கு,
நீ இன்னும் மாமா என்று கூப்பிடுவாயோ மாட்டாயோ என்று தெரியாத,
ஜெயக்குமார்