அப்பா வீட்டில் இருந்த வாரம்

அன்புள்ள அக்கா,

இதை விடுதியில் யாரிடமும் காட்டிவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

பார்சல் கொடுக்க ஓடிய அவசரத்தில் அப்பா வண்டியோடு விழுந்ததிலிருந்து, கால் கட்டோடு ஒரு வாரமாக வீட்டில்தான் இருக்கிறார். முதல் நாள், "நீ இப்ப எட்டாவதா, ஒன்பதாவதா?" என்று கேட்டார். "பத்தாவதுப்பா" என்றேன். சிரிக்கப் போனவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிலிருந்து தினமும் நான் பள்ளிவிட்டு வரும்வரை சாப்பிடாமல் காத்திருந்து, "ம், இன்னைக்கு என்னம்மா கதை?" என்கிறார். அப்பா இவ்வளவு நிதானமாகப் பேசுவார் என்றே எனக்குத் தெரியாது.

கால் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நாளைக்கு வேலைக்குக் கிளம்புகிறார். அந்தக் கால் ஆறவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன், அக்கா. பாவிதானே நான்? வண்டிச் சாவியை ஒளித்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்து நீ போன் பண்ணும்வரை கொடுக்க மாட்டேன். நீ சொன்னால் கேட்பார்.

அவர் நொண்டி நொண்டித் தேடும் சத்தம் கேட்கிறது. கதவைத் தட்டுகிறார். "தூங்கிட்டியாம்மா?" என்கிறார். அதட்டக்கூட இல்லை, அக்கா, நான் எப்படி இனியும் இந்தச் சாவியை...